துப்பாக்கி யாருக்கு

சாத்தூரில் எங்கள் வீட்டுத் தீபாவளியில் துப்பாக்கி தம்பிக்கு, மத்தாப்பு எனக்கு. சுருள் கேப் சிக்கினால் கழற்றிச் சரிசெய்வது நான், சுடுவது அவன்.

போன மாதம் அவன் மகனுடைய ஃபோம் குண்டுத் துப்பாக்கி நாலடியிலேயே குண்டைத் துப்பியது. திறந்தேன். ஸ்பிரிங்கில் குறையில்லை, பிஸ்டனின் ரப்பர் வளையம் தளர்ந்து காற்று கசிந்தது. வளையத்துக்கு அடியில் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை இரண்டு சுற்று சுற்றினேன். முற்றத்தைத் தாண்டியது.

“அத்தை, நான் சுடட்டா?” என்றாள் தம்பி மகள்.

“பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இது?” என்றார் அம்மா. 1986 சட்டம் வருவதற்கு முன்பே, பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனவர்.

அவளிடம் கொடுத்தேன். வரிசையாக வைத்த காலித் தீப்பெட்டிகளில் மூன்றாவது விழுந்தது. அம்மாவே எழுந்துபோய் அதை நிறுத்திவைத்தார்.