பாபநாசம் போகும் வழியில்

திருநெல்வேலியிலிருந்து மேற்கே பாபநாசம் போகும் சாலை கண்ணுக்கு ஒரு விருந்து. பத்தமடையில் பாய், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் என்று வாங்கிக்கொண்டே, தாமிரபரணி பாயும் பச்சை வயல்களைப் பார்த்தபடி போகலாம்.

எங்கள் பழைய காருக்கு ஆட்டோமாடிக் கியர். அம்பாசமுத்திரத்தில் காப்பி சாப்பிட நிறுத்தியபோது, வண்டிக்கு அடியில் சிவப்பாக எண்ணெய் சொட்டியிருந்தது.

"மலைக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொண்டால் என்ன?" என்றார் என் கணவர்.

பட்டறை அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "வேண்டாம் சார். மேட்டிலே ஏறினா கியர் எண்ணெய் இன்னும் சூடாகும். எண்ணெய் தீந்துதோ, கியர் பெட்டியே போச்சு!"

விஷயம் இதுதான்: கியர் பெட்டியில் சூடேறிய எண்ணெய், குழாய் வழியாக முன்னாலுள்ள ரேடியேட்டருக்குப் போய், சூடு தணிந்து திரும்ப வேண்டும். அந்தக் குழாயை இணைக்கும் ரப்பர்த் துண்டு வெடித்திருந்தது. துணி சுற்றுவதெல்லாம் வீண் வேலை. வண்டி ஆறும்வரை காத்திருந்து, எண்ணெய்க்கும் சூட்டுக்கும் தாங்கும் புது ரப்பர்க் குழாயை மாட்டி, இரு முனையிலும் கிளிப்பை முடுக்கினார் அண்ணாச்சி. குறைந்த எண்ணெயை ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, கசிவு நின்றதை உறுதி செய்துகொண்டார்.

ஒழுகிய எண்ணெயை ஒரு தட்டில் பிடித்து வைத்தாரே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

"ஆத்துத் தண்ணியத்தானேம்மா எல்லாரும் குடிக்கோம்!" என்றார்.

வாஸ்தவம்தானே! பாபநாசத்தில் 1944 முதல் மின்சாரம் தந்து, வயல்களை நனைத்து, நெல்லையிலும் தூத்துக்குடியிலும் நம் குடத்துக்கே வந்து சேரும் தண்ணீரல்லவா அது? படித்துறையில் காரைக் கழுவுகிறவர்கள் சற்றே யோசிக்கட்டும்.

நீங்களும் மலைக்குப் புறப்படுமுன், கட்டுச்சாதக் கூடையை ஏற்றும்போதே வண்டிக்கு அடியிலும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.