தண்ணீர் கலந்த பால்



உங்களில் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள். பால் வாளியின் கனம் உங்கள் தோளுக்குத் தெரியும். அந்தத் துணிவில்தான் என் அசட்டுத்தனத்தை உங்களிடம் சொல்கிறேன்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறையில் அம்மாவின் நிரைக்குப் போய், மங்கில் இருக்கும் பாலை வழித்து வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்று பால் குறைவு. பக்கத்து ஓடையில் இரண்டு மங்குத் தண்ணீர் எடுத்து யாருக்கும் தெரியாமல் வாளியில் கலந்துவிட்டேன். வாளி தளும்பியது. எனக்கு ஒரே பெருமை!

ஆனால் பால் கொட்டகையில் கிராணி வாளியின் எடையை மட்டும் பார்த்துவிட்டு விடுவாரா? பாலில் ஒரு மானியை மிதக்க விட்டார். மெட்ரோலாக் என்பார்கள். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதை அது காட்டிக் கொடுத்துவிடும். கூலி உலர்ந்த ரப்பருக்குத்தானே! அத்தனை பேர் முன்னிலையில் அம்மா தலைகுனிந்து நின்றார். வீடு திரும்பும் வழியில் என்னை அடிக்கவில்லை. "வாளி நெறைஞ்சா போதுமாடா?" என்று மட்டும் கேட்டார்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே தவற்றை மறுபடியும் செய்தேன். இம்முறை காசு கொடுத்துச் செய்தேன்.

தோட்டம் செம்பனைக்கு மாறியபின் நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். நான் லாரி ஓட்டினேன். என் மனைவி முறுக்கும் ஓமப்பொடியும் சுட்டு விற்றாள். நாங்கள் இருப்பது புந்தோங். அங்கே கம்போங் காச்சாங் பூத்தே என்று ஒரு குடியிருப்பே இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எட்டயபுரம் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் கடலை, முறுக்குத் தொழிலில் வேரூன்றிய இடம். தட்டைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகக் கூவி விற்று, பிறகு சைக்கிள், மோட்டார் சைக்கிள் என்று வளர்ந்தவர்கள். அவர்களுடைய சரக்கு இன்று நாடு முழுவதும் பேர் பெற்றிருக்கிறது.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. இரவுச் சந்தை இல்லை, கோயில் திருவிழா இல்லை. எங்கள் வியாபாரம் படுத்துவிட்டது. என் மகள் முகநூலில் ஒரு பக்கம் திறந்து, தாயார் முறுக்குச் சுடுவதைப் படம் பிடித்துப் போட்டாள். வாரத்திற்கு நாலைந்து பேர் கேட்டார்கள். எனக்குப் பொறுமை இல்லை.

அடுத்த ஆண்டு ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். நல்ல உடை, நல்ல பேச்சு. "அங்கிள், மூணே மாசம். கூகுள்ல நீங்கதான் மொத எடம். முகநூல்ல ஐயாயிரம் பேரு. நான் கேரண்டி" என்றார். கேட்டது 2,400 வெள்ளி. "வேணாம்ப்பா, விசாரிச்சுட்டுக் குடுப்போம்" என்றாள் மகள். "உனக்கு என்ன தெரியும்?" என்று அவள் வாயை அடைத்துவிட்டு, சேமநிதியில் மிச்சம் வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

சொன்னபடி ஐயாயிரம் பேர் வந்தார்கள். கூகுளில் எங்கள் கடைப் பெயரைத் தட்டினால் முதல் இடம்! மனைவியிடம், "இந்தத் தீபாவளிக்குப் பத்து மடங்கு சுடு" என்றேன். அரிசி, உளுந்து, எண்ணெய் எல்லாம் கடனுக்கு வாங்கினோம். இரண்டு வாரம் அவள் இடுப்பு நிமிரவில்லை.

வந்த ஆர்டர் ஒன்பது. ஒன்பதும் தெரிந்தவர்கள். மிஞ்சியதில் பாதி காறல் வாடை அடித்துக் குப்பைக்குப் போனது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பழைய வாளியும் அம்மா கேட்ட கேள்வியும் என் கண்முன் வந்து நின்றன.

அன்றிரவு மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விளக்கினாள். நான் நம்பியிருந்தவற்றை இங்கே சொல்கிறேன். உங்களில் யாராவது இதையே நம்பிக்கொண்டிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

கூகுளில் முதல் இடத்தைக் காசு கொடுத்து வாங்கலாம் என்று நினைத்தேன். விளம்பரத்திற்குக் காசு கட்டலாம். அதற்கு மேலே விளம்பரம் என்று குறிப்பு இருக்கும். காசு நின்றால் அதுவும் நின்றுவிடும். அதற்குக் கீழே இயல்பாக வரும் வரிசையைப் பணம் நகர்த்தாது. முதல் இடத்திற்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது.

"அப்படியானால் நம்ம கடை முதலில் வருகிறதே?" என்று கேட்டேன். மகள் சிரித்தாள். "நீங்க நம்ம கடைப் பேரையேதானே தட்டுறீங்க? நம்ம லயத்துல நின்னு உங்க பேரையே கூப்பிட்டா நீங்கதானே வருவீங்க!" பிறகு தோழியின் கைப்பேசியை வாங்கி, கடைப் பெயரை விட்டுவிட்டு 'முறுக்கு ஈப்போ' என்று தட்டினாள். பக்கம் பக்கமாகத் தள்ளினோம். எங்கள் கடை இல்லை. தேடும் இடத்தையும் முன்பு தேடியதையும் பொறுத்து ஆளுக்கு ஆள் முடிவு மாறும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் கூகுள் மயங்கிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. அந்தத் தம்பி எங்கள் பக்கம் முழுக்க 'முறுக்கு, நல்ல முறுக்கு, ஈப்போ முறுக்கு' என்று நிரப்பியிருந்தார். அது பழைய தந்திரம். பக்கத்தின் பின்னால் ஒளித்து வைக்கும் குறிச்சொற்களைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. பெரிய நிறுவனங்களும் இப்படிச் செய்து மாட்டிக்கொண்டன. பி.எம்.டபிள்யூ கார் நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தை 2006இல் கூகுள் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. மனிதர்களுக்கு ஒரு பக்கமும் கூகுளுக்கு வேறொரு பக்கமும் காட்டியதுதான் குற்றம். பட்டையை அளவுக்கு மீறி ஆழமாக வெட்டினால் மரம் காயப்பட்டுப் பால் கெடும் அல்லவா? அப்படித்தான் இதுவும்.

அந்த ஐயாயிரம் பேர் யார் தெரியுமா? பெயர்களைத் திறந்து பார்த்தோம். நம் ஊரும் இல்லை, நம் நாடும் இல்லை. காசுக்கு விற்கப்படும் வெறும் கணக்குகள். உண்மையான ஆட்களாக இருந்தாலும் நாம் போடுவதை எல்லாருக்கும் முகநூல் காட்டுவதில்லை. காட்டினாலும் விருப்பம் அழுத்துகிற விரல் எல்லாம் காசு எடுக்கிற விரல் ஆகிவிடுமா?

சரி, எது பலன் தந்தது? மகள் செய்தவை எல்லாம் சின்ன வேலைகள். கூகுளில் கடை விவரம் பதிவது இலவசம். சரியான முகவரி, திறக்கும் நேரம், தொலைபேசி எண், சொந்தப் படம் ஆகியவற்றைப் பதிந்தாள். மலாய்க்காரர்களும் சீனர்களும் 'காச்சாங் பூத்தே' என்றுதானே கேட்கிறார்கள்? அந்தப் பெயரையும் உரிய இடத்தில் சேர்த்தாள். கேட்டது நம்மிடம் இருக்கிறதா, கடை எவ்வளவு தூரம், எத்தனை பேர் அறிந்த கடை என்பதையெல்லாம் பார்த்துத்தான் கூகுள் பக்கத்துக் கடைகளைக் காட்டுகிறதாம். வாங்கியவர்களிடம், "மனசுல பட்டதை எழுதுங்க" என்று கேட்டாள். உப்பு அதிகம் என்று ஒருவர் எழுதினார். அழிக்கச் சொன்னேன். அவள் மறுத்து, நன்றி சொல்லிப் பதில் எழுதினாள். என் மனைவி உப்பைக் குறைத்தாள். டிக்டாக், அது இது என்று எல்லாவற்றிலும் ஓடாமல், வாடிக்கையாளர்களுக்குப் புலனத்தில் ஒழுங்காகப் பதில் சொன்னாள்.

ஓராண்டுக்குமேல் ஆயிற்று. நாங்கள் பணக்காரர்கள் ஆகிவிடவில்லை. ஆனால் அடுத்த தீபாவளிக்குத் தைப்பிங்கிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் கேட்டு வாங்கினார்கள். சுட்டது மிஞ்சவில்லை. கடனும் அடைந்தது.

வாசகர்களே, நம் பிள்ளைகள் இன்று வீட்டிலிருந்தே சேலை, பலகாரம், மல்லிகைச் சரம் என்று விற்கப் பார்க்கிறார்கள். அவர்களைத் தடுக்காதீர்கள், அவசரப்படுத்தவும் வேண்டாம். யாராவது வந்து ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்துத் தருகிறேன் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: அதில் எத்தனை பேர் ஈப்போவில் இருக்கிறார்கள், எத்தனை பேர் வாங்குவார்கள்? கூகுளில் முதல் இடம் என்றால், எந்தச் சொல்லைத் தேடினால் முதல் இடம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

அதற்கு முன் உங்கள் வீட்டுப் பிள்ளை "வேணாம்ப்பா" என்று சொன்னால், கொஞ்சம் காது கொடுங்கள். நான் கொடுக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.