வம்பர் மகாசபையும் எங்கள் ஒழுங்கையும்

தமிழில் நாவலின் தோற்றம் பற்றி வினவினால் எம்மில் எவரும் தயங்காது விடையெழுதுவர்: பிரதாப முதலியார் சரித்திரம் 1879, அசன்பே சரித்திரம் 1885, ஊசோன் பாலந்தை கதை 1891, மோகனாங்கி 1895. ஈழத்தின் முதல் நாவல் எது, அது தழுவலா தன்னூலா என்னும் வாதங்களும் எமக்கு மனனம். இந்நூல்களுள் ஒன்றையேனும் முற்றாக வாசித்தவர் எத்தனை பேர் என்றால் வகுப்பறை மௌனமாகிவிடும். கதைகளாக அன்றி ஆண்டுகளாகவே இவற்றை நாம் அறிந்துள்ளோம்.

எனது ஊராகிய மானிப்பாய் அச்சுக்கலையிற் பழமை வாய்ந்தது. 1842இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதியை மானிப்பாய் அகராதி என்றே இன்றும் வழங்குவர். வைத்தியர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்ததும் இங்கேயே. அகராதியையும் வைத்திய நூலையும் போற்றும் எமது ஊரவர், கதைப்புத்தகத்தை மட்டும் சோதனைக்குப் பகையாகவே கருதுவர். (இவ்விடயத்தில் எமது விரிவுரைக் குறிப்புகளும் ஊரவர் பக்கமே எனலாம்.)

சென்ற விடுமுறையில் பி. ஆர். ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரத்தை, பார்வை மங்கிய எனது அம்மம்மாவுக்கு நாள்தோறும் உரக்க வாசித்தேன். 1893இல் விவேக சிந்தாமணியில் அது தொடராக வெளிவரத் தொடங்கியபோது ஆசிரியர் ஏறத்தாழ எமது வயதினர்; 1898இல் மறைந்துவிட்டார். மதுரைப் பக்கத்து அந்தணர் வீட்டுப் பேச்சு எமக்கு அந்நியமே. ஆயினும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப்பண்டிதர் வந்த இடமெல்லாம் அம்மம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு நின்றது, ஊர்ப்பெண்கள் கூடிப் புறங்கூறும் வம்பர் மகாசபையிலேயாம்.

“உந்தச் சபை எங்கட ஒழுங்கையிலும் இருந்தது, பிள்ளை” என்றார். தம் தமக்கையாரின் கலியாணம், கிணற்றடியில் எவரோ சொன்ன ஒரு சொல்லால் நின்றுபோன கதையை அன்றுதான் முதன்முறையாகக் கூறினார். அந்தப் பெரியம்மம்மா இறுதிவரை மணம் செய்யாதிருந்தமைக்குக் காரணம் சாதகக் குற்றம் என்றே வீட்டில் அதுவரை சொல்லி வந்தனர். ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என ராஜம் ஐயர் தம் நாவலுக்கு மற்றொரு பெயரும் இட்டமை ஏனென்பது எனக்கு அப்போதே விளங்கிற்று. அன்று மேற்கொண்டு வாசிக்கவில்லை.

பிற்பகுதி பற்றி எங்களுக்குள் உடன்பாடில்லை. முத்துஸ்வாமி ஐயர் வீட்டைத் துறந்து ஞானம் தேடிச் செல்லுமிடத்தில் கதை தளர்ந்து வேதாந்தம் மேலோங்குகின்றது என்பது எனது துணிபு. அம்மம்மாவோ அப்பகுதியையே இருமுறை வாசிக்கச் செய்தார். அவதூறுக்கு ஆளான குடும்பத்துக்கு வேறு போக்கிடம் எது என்று கேட்டார். விமரிசன நூல்களில் நான் கற்ற விடைகள் அவரிடம் செல்லுபடியாகவில்லை.

இப்போது த. சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கியைத் தொடங்கியிருக்கின்றோம். திருகோணமலையிற் பிறந்தவர் நாயக்க மன்னர் கதையை ஏன் எழுதப் போனார் என்று அம்மம்மா முதல்நாளே கேட்டுவிட்டார். அவர் சென்னையில் வாழ்ந்தவர் என்றேன். “அதுக்கு?” என்றார்.