இயந்திரம் ஓய்ந்திருக்கும் மாதங்கள்

உழைக்கும் இயந்திரம் தேய்கின்றது என்பது யாவரும் அறிந்த உண்மை. ஆயின், உழைக்காது கிடக்கும் இயந்திரம் அதனினும் விரைவாகக் கெடுகின்றது என்பதை அனுபவத்தால் அறிந்தவர் சிலரே. அத்தகையவருள் ஒருவர் வலிகாமத்துச் செம்மண் கிராமமொன்றில் வாழும் முதிய கமக்காரர். எழுபது வயதைக் கடந்த அவர் எவ்வித தொழிற்பயிற்சியும் பெற்றவரல்லர். எனினும் மாரிக்கு முன் இறைப்பு இயந்திரத்தை எவ்வாறு உறங்கவைப்பது என்பதில் அவ்வூரில் அவருக்கு நிகரானவர் இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. சுண்ணக்கற் பாறையினூடே ஊறித் தேங்கும் மழைநீரே கிணறுகளின் வழியாக வெங்காயத்தையும் மிளகாயையும் புகையிலையையும் வளர்க்கின்றது. முன்னாளில் ஒருவர் துலாவின்மீது ஏறி மிதிக்க, இன்னொருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, மூன்றாமவர் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவார். மாடு சுற்றும் சூத்திரமும் சில தோட்டங்களில் இருந்தது. பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டங்குல இயந்திரம் வந்தது. சைக்கிள் கரியரிற் கட்டிக் கிணற்றுக்குக் கிணறு கொண்டுசெல்லக்கூடிய அச்சிறு பொருள் ஒரு குடும்பத்தின் விடியற்காலச் சுமையைத் தன்மேல் ஏற்றுக்கொண்டது.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. எனவே சிறிதளவு பெற்றோலில் அதனை இயக்கிச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிவிட்டால் மறுநாள் கயிற்றை இழுத்ததும் இயங்கும். எரியாத மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து கீழேயுள்ள ஒயிலுடன் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்வதால், ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும். இவ்வளவும் எல்லாக் கமக்காரரும் அறிந்தவையே. முதியவரின் தனித்திறமை மழை நிலைத்த பின்பே வெளிப்படும்.

ஆயுத பூசையன்று சந்தனப் பொட்டுப் பெற்ற இயந்திரத்தை, ஐப்பசி மழை ஊன்றியதும் அவர் முற்றத்துக்குக் கொண்டுவருவார். சற்று நேரம் ஓடவிட்டு, சூடு ஆறுமுன் பழைய ஒயிலை வடிப்பார். சூட்டோடு வடித்தாலே கசடும் சேர்ந்து இறங்கும். தாங்கிகள் இரண்டையும் வெறுமையாக்கி, காபுரேற்றரில் எஞ்சியிருப்பதையும் அதன் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி வடித்துவிடுவார். பம்பியின் வயிற்றுள் தங்கிய நீரையும் வெளியேற்றுவார். காற்று வடிகட்டியின் பஞ்சைச் சவர்க்கார நீரிற் கழுவி, உலர்த்தி, ஒயிலில் தோய்த்துப் பிழிந்து வைப்பார். குளிரூட்டும் தகடுகளுக்கிடையே அடைந்த தூசியையும் சருகையும் ஈர்க்கினால் ஒவ்வொன்றாகக் கிண்டி எடுப்பார்.

இறுதியாகப் பிளக்கைக் கழற்றி, அத்துளையில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக இருமுறை இழுப்பார். பின் பிளக்கைப் பூட்டி மீண்டும் மெல்ல இழுத்து, கை இறுக்கத்தை உணரும் இடத்தில் நிறுத்துவார். அந்நிலையில் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும். மாரியின் ஈரக்காற்று உள்ளே புகாது. குளவி கூடு கட்டாதிருக்கப் புகைக்குழாயின் வாயைத் துணியால் அடைத்து, நிலத்தின் ஈரம் எட்டாதவாறு பனஞ்சலாகைகளின்மேல் ஏற்றிச் சாக்கினால் மூடுவார். பொலித்தீனாற் சுற்றுவதை அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. உள்ளே வியர்த்துத் துருவேறும் என்பது அவர் கண்ட பாடம்.

1990இற்குப் பின்னர் குடாநாட்டில் பெற்றோல் தடைசெய்யப்பட்டு, மண்ணெண்ணெயும் அரும்பொருளாயிற்று. அக்காலத்தில் இயந்திரத்தை இயக்கத் தேவையான சில துளி பெற்றோலை அவர் ஒரு சிறு மருந்துக் குப்பியில் பொன்போற் காத்துவந்தார். 1995 ஒக்டோபரில் போர் வலிகாமத்தை நெருங்கியது. அவ்வாண்டு ஷெல் ஒலிகளுக்கிடையே மாரிவேலை தாமதமாயிற்று. ஒக்டோபர் 30ஆந் திகதி ஊரே எழுந்து தென்மராட்சிப் பக்கம் புறப்பட்டது. வீட்டிலிருந்தது ஒரேயொரு சைக்கிள். அதன் கரியரில் இயந்திரத்தை ஏற்றுவதா, நடக்கவியலாத தாயை ஏற்றுவதா என்ற வினாவுக்கு அவர் ஒரு கணமும் தயங்கவில்லை. கரியரில் தாய், முன் தண்டில் பத்து வயது மகன்.

ஆனால் புறப்படுமுன் அவர் கொட்டிலுக்குள் நுழைந்து பிளக்கைக் கழற்றினார். மனைவி வாசலில் நின்று பதறினார்.

“இஞ்சேருங்கோ, போற நேரத்திலை உதென்ன வேலை?”

“ஒயில் விடாட்டில் இறுகிப்போம். திரும்பி வந்து இறைக்க வேண்டாமோ?”

அடுத்த ஆண்டு அவர்கள் திரும்பியபோது வாய்க்கால்களைப் புல் மூடியிருந்தது. கொட்டிலில் பனஞ்சலாகைகள் இருந்தன, இயந்திரம் இல்லை. அதுபற்றி அவர் பின்னாளிற் கூறியதெல்லாம் ஒரே வாக்கியந்தான்: “கொண்டுபோனவனுக்கும் ரெண்டு இழுவையிலை ஸ்ரார்ட் வந்திருக்கும்.”

கடன்பட்டுப் பழைய இயந்திரமொன்றை வாங்கி அவர் மீண்டும் தோட்டஞ் செய்தார். 2003ஆம் ஆண்டு மாரியில் அவர் காய்ச்சலாய்க் கிடந்தபோது, இயந்திரத்தை மூடிவைக்கும் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்தார். மகன் ‘மூடிவைத்தல்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றினான். சாக்கை எடுத்து மூடினான். தை மாதம் நட்ட வெங்காயத்துக்குத் தண்ணீர் வேண்டியபோது இயந்திரம் அசையவில்லை. கயிறு இழுத்து மகனின் உள்ளங்கை கொப்பளித்ததே மிச்சம். அயலவர் தம் இறைப்பு முடிந்தபின் இரவல் தந்த வேளைகளில் பாதிப் பயிர் பிழைத்தது, மறுபாதி கருகியது. அடகிலிருந்த தாயின் சங்கிலியை அவ்வாண்டு மீட்க முடியவில்லை.

தந்தை ஏசவில்லை. மகனைத் திண்ணையில் இருத்தி, காபுரேற்றரைக் கழற்றி வெயிலிற் பிடித்தார். மயிரிழை போன்ற துளையை மஞ்சட் பிசின் அடைத்திருந்தது. “தம்பி, நீ வடிக்காமல் விட்ட பெற்றோல் இதுதான்,” என்றார். எத்தனை புத்திமதியும் உணர்த்தாத ஒன்றை அந்தப் பிசின் மகனுக்கு உணர்த்தியது.

பின்னர் மகன் மின்மோட்டார் பூட்டினான். ஆழியைத் தட்டினால் தண்ணீர் வந்தது. பழைய இயந்திரத்துக்கு வேலையில்லாது போயிற்று. ஆயினும் முதியவர் ஆண்டுக்கொருமுறை அதனை முற்றத்துக்குக் கொண்டுவந்து, சிறிது ஓடவிட்டு, மீண்டும் அதே ஒழுங்கில் உறங்கவைத்தார். ஓடாத இயந்திரத்துக்கு ஏன் ஒயிலை வீணாக்குகின்றார் எனப் பேரப்பிள்ளைகள் சிரித்தனர்.

2022 மார்ச் மாதத்தில் நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டது. அம்மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை வெட்டப்பட்டது. வெங்காயம் முற்றும் தறுவாயில் மின்மோட்டார்கள் மௌனமாயின. மகன் நெடிய வரிசையில் நின்று மண்ணெண்ணெய் கொண்டுவந்து, மோட்டார் சைக்கிளிலிருந்து சிறிது பெற்றோல் வடித்து, சாக்கை நீக்கினான். மூன்றாம் இழுவையில் இயந்திரம் இயங்கியது. அன்று மாலை அயற்கிணறுகள் இரண்டிலும் அதுவே இறைத்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது அதனை நெடுநேரம் ஓட்டுவது கட்டுப்படியாகவில்லை என்பதும் உண்மையே.

இன்று முதியவரின் கைகள் நடுங்குகின்றன. பிளக்கின் மரையைப் பிடிக்க அவரால் இயலாது. ஐப்பசியில் மகனே ஒயிலை விட்டுக் கயிற்றை இழுக்கின்றான். இறுக்கம் தெரியும் இடத்தில் அவன் கை நிற்கின்றதா என்பதைத் திண்ணையிலிருந்து தந்தை பார்த்துக்கொண்டிருக்கின்றார். நின்றதும், சாக்கை எடுத்துக் கொடுக்கின்றார்.