கூப்பிட்டால் வர வேண்டுமென்றால்

தாயி,

உன் சிப்பிப்பாறை நாய்க்குட்டி அப்பாவின் செருப்பைக் குதறிவிட்டது, கையைக் கடிக்கிறது, மொட்டைமாடியில் கூப்பிட்டால் திரும்பியே பார்ப்பதில்லை என்று போனில் சொன்னாய். "அடிச்சாத்தான் அடங்கும்னு எல்லாரும் சொல்றாங்க தாத்தா" என்றும் சொன்னாய். அந்தப் பேச்சுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு 19 வயது இருக்கும்போது நம் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தான். செவலை நிறம். ஒருநாள் பக்கத்துக் காட்டு ஆடுகளை விரட்டிக்கொண்டு ஓடிவிட்டான். அரைமணி நேரம் தொண்டை வறளக் கத்தினேன். ஒருவழியாக வாலை ஆட்டிக்கொண்டு என் காலடிக்கு வந்தான். வந்தவனைப் புளிய விளாரால் விளாசினேன். ஆட்டை விரட்டியதற்கு அடித்ததாக நான் நினைத்தேன். என்னிடம் வந்ததற்கு அடி விழுந்ததாக அவன் புரிந்துகொண்டான். ஓடியது அவனுக்குப் பழைய கதை, வந்ததுதான் அந்த நிமிடத்துச் செயல். அதே தப்பை இன்னும் இரண்டு மூன்று தடவை செய்தேன். அதன்பிறகு நான் கூப்பிட்டால் பத்தடி தள்ளி நின்று முதலில் என் கையைப் பார்ப்பான், விளார் இருக்கிறதா என்று. உன் பூட்டி கூப்பிட்டால் மட்டும் புழுதி பறக்க ஓடுவான். பதினோரு வருஷம் எங்களோடு இருந்தான். அந்தப் பத்தடி தூரம் கடைசிவரை குறையவே இல்லை.

உன் குட்டி அடங்காதது அல்ல. கண்ணால் பார்த்து, விரட்டிப் பிடிக்கவென்றே கரிசல் காட்டில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த சாதி அது. முயல் வேட்டையெல்லாம் வனவிலங்குச் சட்டத்தோடு போய்விட்டது. காலில் இருக்கிற ஓட்டம் எங்கே போகும்? அது முழு வேகத்தில் ஓடும்போது கவனித்துப் பார். உடம்பு வில்லாக வளைந்து நிமிரும், நான்கு காலும் தரையை விட்டு எழும்பி நிற்கும் கணம் ஒன்று வரும். அந்த அழகை ஒரு தடவை பார்த்துவிட்டால் செருப்பெல்லாம் பெரிதாகத் தெரியாது. ஓட இடம் கிடைக்காத நாளில்தான் அது சோபாவைப் பிய்க்கும்.

கடிப்பதற்கு வேறு காரணம். குட்டிக்குப் பால்பல் 28. நாலாம் மாதவாக்கில் அவை விழத்தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 பல் முளைத்துவிடும். ஈறு நமநமவென்று அரிக்கிறபோது வாயில் அகப்பட்டதைத்தான் கடிக்கும். பழைய துண்டை நனைத்து, முறுக்கி, பிரிட்ஜில் குளிரவைத்துக் கொடு. கையைக் கடித்தால் கையை உதறாதே. உதறினால் அதற்கு அது விளையாட்டு. விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடு. தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் படிக்கவேண்டிய பாடம் அது. ரொம்பச் சின்னதிலேயே பிரித்துக் கொண்டுவந்துவிடுகிறோம், அந்தப் பாடத்தை நாம்தான் நடத்தியாக வேண்டும். பல் பட்டுத் தோல் கீறினால் மட்டும் அலட்சியம் கூடாது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. மூன்று மாதம் ஆனதும் குட்டிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாச்சா என்று அப்பாவிடம் கேள்.

வீட்டுக்குள் மூத்திரம் போவது பெரிய விஷயமே இல்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போ. போன இடத்திலேயே, போன நொடியிலேயே கொஞ்சு. மூக்கை அதில் தேய்க்கச் சொல்வார்கள், அதைக் கேட்காதே.

தடுப்பூசி எல்லாம் முடியும்வரை தெருவில் இறக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னது சரி. பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் குட்டி பிழைப்பது கஷ்டம். அதற்காக அறைக்குள் பூட்டியும் வைக்காதே. மூன்றரை மாதத்துக்குள் பார்த்துப் பழகியதைத்தான் அது வாழ்நாள் முழுக்க அஞ்சாமல் ஏற்கும். தோளில் தூக்கிக்கொண்டு போய் பஸ், ஆட்டோ, குடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோயில் மேளம் எல்லாவற்றையும் காட்டு. மேளத்தைத் தூரத்திலிருந்து காட்டு. சாக்லேட், வெங்காயம், திராட்சை மூன்றும் அதன் வாய்க்கு எட்டக்கூடாது.

இனி கூப்பிடும் விஷயம். ஒரே சொல்லை வைத்துக்கொள். ஆளுக்கொரு பெயரில் கூப்பிட்டால் அது என்ன செய்யும், பாவம்! முதலில் அறைக்குள் நாலடி தூரத்திலிருந்து கூப்பிடு. வந்ததும் ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி கொடு, காதுக்குப் பின்னால் சொறிந்துவிடு, மறுபடி ஓடவிடு. இந்த மறுபடி ஓடவிடுவதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். வந்ததும் சங்கிலி மாட்டினால், கூப்பிடும் குரலுக்கும் சங்கிலிக்கும் அது முடிச்சுப் போட்டுவிடும். குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ கூப்பிடாதே, நீயே போய்த் தூக்கிக்கொள். உனக்குக் கோபமாக இருக்கும்போது கூப்பிடவே கூப்பிடாதே. ஒரு நாளைக்கு அஞ்சு நிமிடம் மூன்று தடவை செய்தால் போதும், குட்டிக்கு அதற்கு மேல் மனசு நிற்காது. வளர்கிற பிள்ளை, பகலிலும் பாதி நேரம் தூங்கும். தூங்கவிடு.

பொங்கலுக்கு வரும்போது குட்டியையும் கூட்டிக்கொண்டு வா. கிணற்றடிக்கு மேற்கே சுற்றிலும் வேலி போட்ட தரிசு கிடக்கிறது. முப்பதடி நீளத்துக்கு மெல்லிய பருத்திக் கயிறு ஒன்று திரித்து வைத்திருக்கிறேன். அந்தக் கோடியில் நீ நின்று கூப்பிடு, இந்தக் கோடியிலிருந்து நான் அவிழ்த்துவிடுகிறேன்.