காலுக்கு வந்த அவசரம்

தில்லியில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். சிக்னலில் பச்சை விழுந்து அரை நொடிக்குள் நகராவிட்டால் பின்னாலிருக்கும் அத்தனை ஹாரன்களும் நம் மேல் பாயும். என் பெட்ரோல் காரோ ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சற்று யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். கரோல் பாகில் ஒரு கடைக்காரர் இதற்கு மருந்து வைத்திருந்தார். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி. அதை பெடலுக்கும் அதிலிருந்து கிளம்பும் ஒயருக்கும் நடுவே செருகினார். பத்து நிமிட வேலை, சில ஆயிரம் ரூபாய். "எஞ்சினுக்குப் புது உயிர் வந்துவிடும்" என்றார். வந்த மாதிரிதான் இருந்தது.

உண்மையில் வரவில்லை. பழைய கார்களில் பெடலிலிருந்து எஞ்சினுக்குக் கம்பி ஓடியது. கால் அழுத்திய அளவுக்குக் காற்று போகும் வால்வு திறந்தது. இப்போது கம்பி கிடையாது. கால் எவ்வளவு இறங்கியது என்று பெடலில் உள்ள சென்சார் சொல்கிறது. வால்வை எவ்வளவு, எத்தனை வேகத்தில் திறப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. நான் வாங்கிய பெட்டி நடுவில் நின்று பொய் சொல்லும். கால் 20 சதவீதம் அழுத்தினால் 40 என்று சொல்லும். முழுக்க மிதித்தால் பெட்டி இருந்தாலும் 100, இல்லாவிட்டாலும் 100. ஒரு குதிரைசக்தி கூடக் கூடுவதில்லை. இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது.

அந்த ஜனவரியில் மனைவி, மகளுடன் லாஹௌல் போனேன். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப் பாதை திறக்கப்படும்வரை, ரோஹ்தாங் கணவாயைப் பனி மூடினால் அந்தப் பள்ளத்தாக்கு மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடக்கும். இப்போது சாலை திறந்திருந்தால், மணாலியில் காலையில் கிளம்பி, 9.02 கிலோமீட்டர் சுரங்கத்தைக் கடந்து, சிஸ்ஸுவில் பனியைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். அங்கே உயரம் சுமார் 10,000 அடி. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். எஞ்சின் சோர்ந்து போயிற்று. நான் பெட்டியை அதன் மிக வேகமான நிலைக்குத் திருப்பினேன்.

திரும்பும் வழியில் வெயில் படாத ஒரு வளைவு. பகலில் உருகிய பனி மறுபடி உறைந்து, ஈரத் தார் போலப் பளபளத்தது. முன்னால் போன வண்டி ஏற்றத்தில் நின்றுவிட, நானும் நின்றேன். மறுபடி கிளம்ப லேசாகத்தான் மிதித்தேன். பெட்டி அதை இரட்டிப்பாக்கியது. முன் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு சிமிட்டியது. அது டிராக்ஷன் கன்ட்ரோல். சக்கரங்களில் உள்ள ஏபிஎஸ் சென்சார்களைப் பார்த்து, ஒரு சக்கரம் மற்றவற்றை விட வேகமாகச் சுழன்றால் எஞ்சினின் இழுவையைக் குறைக்கும் அல்லது அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். எஞ்சின் அடங்கியது. அடங்கியதும் நான் இன்னும் மிதித்தேன். பெட்டி அதையும் பெருக்கியது. சக்கரம் சுழன்றது, விளக்கு சிமிட்டியது, எஞ்சின் மறுபடி அடங்கியது. ஐந்தாறு நொடி இந்தச் சண்டை நடந்தது. அதற்குள் கார் கோணலாகப் பின்னோக்கி வழுக்கத் தொடங்கிவிட்டது. பிரேக் எதற்கும் உதவவில்லை. அந்தப் பக்கம் கீழே சந்திரா நதி. சாலையோரம் ஒதுக்கிக் குவித்திருந்த பனியில் பின்சக்கரம் முட்டி நின்றது. பின் ஸீட்டில் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பின்னால் வந்த உள்ளூர் டாக்ஸி டிரைவர் இறங்கி வந்தார். சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தார். என் கை டிராக்ஷன் கன்ட்ரோலை அணைக்கும் பட்டனுக்குப் போவதைப் பார்த்துத் தடுத்தார். "அது மணலுக்கும் ஆழமான பனிக்கும், பாய்சாப். அங்கே சக்கரம் சுழன்று தோண்டி வெளியே வரணும். இங்கே தோண்ட என்ன இருக்கிறது? கண்ணாடி மாதிரி ஐஸ்" என்றார். பெட்டியைப் பார்த்தார். என்னவென்று கேட்டார். சொன்னேன். சிரிக்காமல் அதை அணைக்கச் சொன்னார். சக்கரங்களுக்கு முன்னால் மண் அள்ளிப் போட்டார். "இரண்டாவது கியர். கிளச்சை மெதுவாக விடுங்கள். பெடலுக்குக் கீழே முட்டை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்."

கார் நகர்ந்தது. மஞ்சள் விளக்கு ஒருமுறை சிமிட்டி ஓய்ந்தது. அதே எஞ்சின், அதே டயர், அதே ஐஸ். மாறியது என் கால் ஒன்றுதான்.

காரின் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்ட அந்தச் சிறு நிதானத்தைக் குறை என்று நினைத்துப் பணம் கொடுத்து எடுத்துவிட்டேன். வழுக்கும் சாலையில் வேண்டியது அந்த நிதானம்தான். பெட்டி இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. தில்லி சிக்னலில் பச்சை விழுந்து ஒரு நொடி கழித்து நகர்கிறேன். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும்.