ஷிபமாத்தாவில் திரும்பிப் பார்க்கும் அண்ணன்

தோக்கியோவுக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் ஷிபுயா, அசாகுசா, டிஸ்னிலேண்ட் என்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். நகரின் கிழக்கு ஓரத்தில், எடோ ஆற்றங்கரையில் இருக்கும் ஷிபமாத்தாவுக்கு யாரும் போகச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

நிப்போரியிலிருந்து கெய்செய் ரயிலில் தக்காசாகோ வரை போக வேண்டும். நரித்தா விமான நிலையத்துக்கு விரையும் ஸ்கைலைனர் இந்த நிலையத்தில் நிற்காது. ஆகவே சாதாரண ரயில்தான். அங்கே இறங்கிக் கனமாச்சி தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் ஷிபமாத்தா. இந்தத் தடத்தின் மொத்த நீளமே 2.5 கிலோமீட்டர். மூன்றே நிலையங்கள், ஒற்றைத் தண்டவாளம், நான்கு பெட்டி ரயில். எம்ஆர்டிக்குப் பழகிய கண்ணுக்கு விளையாட்டு ரயில் போலத் தெரியும்.

ஆனால் இதன் பூர்வீகம் இன்னும் வேடிக்கையானது. 1899ல் கனமாச்சியிலிருந்து ஷிபமாத்தாவுக்கு ஓடிய முதல் ரயிலுக்கு நீராவியும் இல்லை, மின்சாரமும் இல்லை. சில பேர் உட்காரும் சின்னப் பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றி, பின்னால் நின்று ஆள் தள்ளுவார். மின்சார ரயில் வந்தது 1913ல்.

அப்படித் தள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு அங்கே என்ன இருந்தது? கோயில். 1629ல் எழுந்த தைஷாகுதென் கோயில். தைஷாகுதென் வேறு யாருமல்ல, நம் இந்திரன்தான். இந்திரனுக்குச் சக்ரன் என்றொரு பெயர் உண்டல்லவா? அந்தச் சக்ரன்தான் பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய் ‘ஷாகு’ ஆனான். காணாமல் போயிருந்த அவன் உருவப் பலகை 1779ல் கோயிலைப் பழுதுபார்த்தபோது கிடைத்ததாம். அது கிடைத்த கோஷின் நாள் 60 நாளுக்கு ஒருமுறை வரும்; அன்றைக்குக் கூட்டம் அலைமோதும். புகாரில் இந்திர விழா கொண்டாடியதைச் சிலப்பதிகாரத்தில் படித்ததோடு சரி. இந்திரனைத் தேடி நாம் தோக்கியோ புறநகருக்குப் போக வேண்டியிருக்கிறது.

“இந்திரன் கோயில்” என்றதும்தான் அம்மா கிளம்பச் சம்மதித்தார். 68 வயது, முழங்கால் வலி. ஆனால் நிலையத்திலிருந்து கோயிலுக்கு நிதானமாக நடந்தாலே போதும். வழியெல்லாம் பழைய மரக்கட்டடக் கடைகள். இந்த வட்டாரத்தின் தோற்றத்தை 2018ல் ஜப்பானிய அரசாங்கம் பாதுகாக்க வேண்டிய பண்பாட்டு நிலப்பரப்பாக அறிவித்தது. தோக்கியோவில் அந்தத் தகுதி பெற்ற முதல் இடம் இதுதான். இங்கே எல்லாரும் வாங்குவது குசா டாங்கோ. மாசிப்பத்திரி இனத்துக் கீரையை அரிசி மாவில் சேர்த்துச் செய்த பச்சை உருண்டை, மேலே இனிப்புச் சிவப்புப் பயறு விழுது. “பூரணத்த வெளியில வச்ச கொழுக்கட்டை” என்றார் அம்மா. இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கடையில் உட்கார்ந்துதான் தோராசான் கதையைச் சொன்னேன். இயக்குநர் யோஜி யமடா 1969ல் தொடங்கிய படவரிசையின் நாயகன் அவன். அப்பாவிடம் கோபித்துக்கொண்டு ஓடிப்போய், 20 ஆண்டு கழித்து ஷிபமாத்தாவுக்குத் திரும்பும் ஊர்சுற்றி வியாபாரி. அவன் சித்தப்பா, சித்தி நடத்துவதும் டாங்கோ கடைதான். ஒவ்வொரு படத்திலும் வருவான், யாரையாவது காதலிப்பான், அது கைகூடாது, வீட்டில் சண்டை போடுவான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடப்பான். வழியனுப்பத் தங்கை சகுரா கூடவே வருவாள். அவனுக்குத் தெரியாமல் அவன் பணப்பையில் காசு வைப்பாள். கியோஷி அட்சுமி என்ற ஒரே நடிகர் 48 படங்களில் இப்படி வந்து போனார், 1996ல் காலமானார்.

அம்மா டாங்கோவைச் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலும் ஒரு தோராசான் உண்டு. பெரிய மாமா லோரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவர். தீபாவளிக்குச் சொல்லாமல் வருவார், தாத்தாவோடு வாக்குவாதம், விடியுமுன் கிளம்பிவிடுவார். சுங்கை சிப்புட் பேருந்து நிறுத்தம் வரை அம்மாதான் கூடப் போவாராம். சட்டைப் பையில் பத்து வெள்ளி திணிப்பாராம். ஒரு வருடம் மாமா வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

நிலையத்தின் வாசலில் தோராசானுக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. கையில் பெட்டி, தலையில் தொப்பி, ரயிலுக்குப் போகிறவன் ஊரைத் திரும்பிப் பார்க்கிறான். 1999ல் வைத்தார்கள். 18 ஆண்டுகள் அவன் வெறும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். 2017ல் சில அடி தள்ளிச் சகுராவுக்கும் சிலை வைத்தார்கள். வருவோர் போவோர் தொட்டுத் தொட்டு அவனது இடது கால் பளபளவென்றிருக்கிறது.

அம்மாவும் தொட்டார். பிறகு சகுரா பக்கம் போய் நின்று, அங்கிருந்து அவனைப் பார்த்தார்.

“எங்க அண்ணன் ஒரு தடவகூட திரும்பிப் பாத்ததில்ல தெரியுமா?”

ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.